ராணுவக் கண்காணிப்பு டிரோன்: இந்தியச் சந்தையின் போக்கைக் கணிக்கும் முறை

ஆளில்லா வானூர்திகளான டிரோன்களில், ஆயுதம் ஏந்தாமல் படம்பிடிப்பது, அளவிடுவது, எதிரியின் வானொலி அலைகளை ஒட்டுக்கேட்பது ஆகியவற்றை மட்டுமே வேலையாகக் கொண்டவை கண்காணிப்பு டிரோன்கள் எனப்படுகின்றன. எல்லைக்கு அப்பால் நடக்கும் படை நகர்வையும், மலைமுகட்டுக்குப் பின்னால் நிறுத்தப்பட்ட பீரங்கியையும், கடலில் அடையாளம் மறைத்துச் செல்லும் கப்பலையும் பார்த்து, அக்காட்சியை அந்தக் கணமே தரைக்கட்டுப்பாட்டு நிலையத்துக்கு அனுப்புவதே இவற்றின் பணி. இத்துறைக்கு உதிரி பாகம் செய்ய விரும்பும் கோவை, ஓசூர், சென்னைப் பகுதிச் சிறுதொழில் முனைவோரும், டிரோன் நிறுவனங்களின் பங்குகளில் பணம் போட நினைப்போரும் முதலில் கேட்பது, இந்தச் சந்தை ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வளரும் என்பதையே. ஆனால் ஒரே ஒரு வாடிக்கையாளரை, அதாவது அரசை, நம்பி நிற்கும் சந்தையில் சதவீதத்துக்கு அதிகப் பொருள் இல்லை. அந்த வாடிக்கையாளர் எந்த வகையை, எந்த வழியில், எந்த ஆண்டில், என்ன நிபந்தனையோடு வாங்குவார் என்பதைக் கண்டறியும் வழிகளையே இந்த அத்தியாயம் விளக்குகிறது.

சதவீதக் கணிப்புகளின் சிக்கல்

சந்தை ஆய்வு நிறுவனங்கள் விற்கும் அறிக்கைகளில் ஒன்றின் எண் மற்றொன்றோடு ஒத்துப்போவது அரிது. ஓர் அறிக்கை ஆயுதம் தாங்கும் டிரோன்களையும் கண்காணிப்புக் கணக்கில் சேர்க்கும். இன்னொன்று எல்லைப் பாதுகாப்புப் படை, மாநிலக் காவல்துறை ஆகியவற்றின் கொள்முதலையும் சேர்க்கும். வேறொன்று பயிற்சி, பராமரிப்புச் செலவுகளை விட்டுவிடும். எல்லைக்கோட்டை எங்கே போட்டார்கள் என்று தெரியாமல் அந்த எண்ணை எடுத்துத் திட்டம் தீட்டுவது ஆபத்தானது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒப்பந்தங்களின் அளவில் இருக்கிறது. 2024 அக்டோபரில் அமெரிக்காவின் ஜெனரல் அட்டாமிக்ஸ் நிறுவனத்தின் எம்.கியூ-9பி வகையில் 31 டிரோன்களை வாங்க இந்தியா கையெழுத்திட்டது. கடற்படைக்கு 15, தரைப்படைக்கு 8, விமானப்படைக்கு 8 என்ற பங்கீட்டில், இந்தியாவிலேயே அமையவிருக்கும் பழுதுபார்ப்பு நிலையத்தையும் சேர்த்து, அதன் மதிப்பு சுமார் 32,000 கோடி ரூபாய். மாறாக, 2021 ஜனவரியில் மும்பையின் ஐடியாஃபோர்ஜ் நிறுவனத்துக்குத் தரைப்படை கொடுத்து அப்போது பெரிதும் பேசப்பட்ட சிறு டிரோன் ஆர்டரின் மதிப்பு சுமார் 140 கோடி ரூபாய்தான். முதலாவது இரண்டாவதைப் போல இருநூறு மடங்குக்கும் மேல். 2024-ஐ இறுதி ஆண்டாக வைத்து வரையப்படும் எந்த வளர்ச்சிக் கோடும் செங்குத்தாக ஏறியே தீரும். ஆனால் அந்த ஏற்றத்தில் இந்தியச் சிறுதொழிலுக்கு உரிய பங்கு மிகச் சிறியது, டிரோன்களோ 2029 முதல்தான் வரத் தொடங்கும் என்பது திட்டம்.

மத்திய பட்ஜெட் எண்களிலும் இதே எச்சரிக்கை தேவை. 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புத் துறையின் மூலதனச் செலவுக்கு 1.80 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. படைகளை நவீனப்படுத்தும் தொகையில் 75 சதவீதம் உள்நாட்டுத் தொழில்களிடம் வாங்குவதற்கென்று குறிக்கப்பட்டது. போர்க்கப்பல், போர் விமானம், டாங்கி, ஏவுகணை எல்லாம் அந்த ஒரே பையிலிருந்துதான் வாங்கப்படுகின்றன என்பதால், அதை டிரோன் ஒதுக்கீடாகக் காட்டும் விளம்பரங்களைப் புறந்தள்ளிவிடலாம்.

மூன்று அடுக்குகள்

இச்சந்தையை மூன்று தனித்தனிச் சந்தைகளாகப் பார்ப்பதே தெளிவு தரும். மேல் அடுக்கில் இருப்பவை, நடுத்தர உயரத்தில் ஒரு நாளுக்கு மேல் பறந்துகொண்டே இருக்கக்கூடிய பெரிய டிரோன்கள். இஸ்ரேலிடமிருந்து வாங்கிய ஹெரான் வகை இந்திய முப்படைகளிலும் நெடுங்காலமாகப் பணியில் இருக்கிறது. ராமநாதபுரத்தை அடுத்த உச்சிப்புளியின் ஐ.என்.எஸ். பருந்து கடற்படைத் தளத்தில் 2012-இல் தொடங்கப்பட்ட டிரோன் அணி இத்தகைய வானூர்திகளைக் கொண்டே கடலைக் கண்காணித்துவருகிறது. 2020 நவம்பரில் குத்தகைக்கு வந்த இரண்டு எம்.கியூ-9பி டிரோன்கள் அரக்கோணத்தின் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்து இயங்கின. அவற்றுள் ஒன்று 2024 செப்டம்பரில் கோளாறு காரணமாகச் சென்னைக்கு அப்பால் வங்கக்கடலில் இறக்கப்பட்டது. இந்த அடுக்கில் முழு வானூர்தி செய்யும் வாய்ப்பு, அதானி டிஃபென்ஸ் போன்று வெளிநாட்டுக் கூட்டாளியும் பெருமூலதனமும் உள்ள குழுமங்களுக்கே உண்டு. அந்நிறுவனம் இஸ்ரேலின் எல்பிட்டோடு சேர்ந்து ஐதராபாத்தில் உருவாக்கிய திருஷ்டி-10 டிரோன் 2024 ஜனவரியில் கடற்படைக்கென ஒப்படைக்கப்பட்டது.

உள்நாட்டு வடிவமைப்பின் அனுபவம் இங்கே பாடமாகக் கொள்ளத்தக்கது. பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பின் பெங்களூர் ஆய்வகத்துக்கு 2011-இல் ஒப்புதல் கிடைத்த தபஸ் திட்டத்தில், 30,000 அடி உயரமும் 24 மணி நேரப் பறப்பும் கேட்கப்பட்டன; எட்டியது சுமார் 28,000 அடியும் 18 மணி நேரமும். ஏறத்தாழ நெருங்கிவிட்டதாகத் தோன்றினாலும், கேட்டதும் கிடைத்ததும் ஒன்றாகாத காரணத்தால் 2024 தொடக்கத்தில் அது முன்னுரிமைத் திட்டப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ராணுவக் கொள்முதலில் தேர்ச்சிக்குக் கருணை மதிப்பெண் கிடையாது. அதே சமயம் தேவையும் மறைந்துவிடவில்லை: இவ்வகை டிரோன்களை வாங்க 2025 ஆகஸ்டில் பாதுகாப்புக் கொள்முதல் மன்றம் மீண்டும் கொள்கை ஒப்புதல் அளித்தது.

நடு அடுக்கைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. சில நூறு கிலோமீட்டர் வரை சென்று பார்க்கும் இத்தகைய டிரோன்களை வாங்கும் எண்ணிக்கை குறைவு, போட்டியாளர்கள் மேல் அடுக்கின் அதே நிறுவனங்கள்.

கீழ் அடுக்கே சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குரிய இடம். ஒரு வீரர் முதுகில் சுமந்து செல்லக்கூடிய, சில கிலோ எடையுள்ள, 10 முதல் 20 கிலோமீட்டர் வரை பார்க்கும் டிரோன்கள் இதில் அடங்கும். மேலே குறிப்பிட்ட 2021 ஆர்டரில் வாங்கிய ஸ்விட்ச் வகை சுமார் 6.5 கிலோ எடை கொண்டது. ஹெலிகாப்டர்போல நேராக எழும்பி, பிறகு விமானம்போல இறக்கையால் பறந்து, இரண்டு மணி நேரம் வானில் நிற்கும். 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் நடந்த மோதலுக்குப் பின் லடாக்கில் இத்தகைய கருவிகளின் தேவை திடீரெனக் கூடியதே அந்த ஆர்டருக்குப் பின்புலம்.

லடாக் என்ற சொல் ஒரு தொழில்நுட்ப நிபந்தனையையும் குறிக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 5,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி, கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். காற்று மெலிந்தால் விசிறி தள்ளும் விசை குறையும். அதை ஈடுகட்ட மோட்டார் வேகமாகச் சுழன்றால் மின்கலம் விரைவில் தீரும். குளிர் உறைநிலைக்கு வெகு கீழே இறங்கும்போது லித்தியம் மின்கலத்தின் கொள்ளளவே சுருங்கிவிடும். சூலூரில் ஒரு மணி நேரம் பறக்கும் டிரோன் சியாச்சின் அடிவாரத்தில் எவ்வளவு நேரம் பறக்கும் என்று சொல்ல முடியாத நிறுவனம், டெண்டர் ஆவணத்தின் முதல் பக்கத்தைத் தாண்டாது.

வாங்கும் இரண்டு வழிகள்

வழக்கமான கொள்முதல், 2020-ஆம் ஆண்டின் பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறையின்படி நடக்கிறது. படைகள் முதலில் தகவல் கோரிக்கை வெளியிடும். இன்னின்ன கருவி சந்தையில் கிடைக்குமா என்ற விசாரணையே அது, வாங்குவதாக உறுதியில்லை. அடுத்து, தேவை உண்டு என்று கொள்முதல் மன்றம் ஏற்கும். பிறகே விலைப்புள்ளி கோரும் ஆவணம், களச் சோதனை, தொழில்நுட்பத் தேர்ச்சி, விலை ஒப்பீடு, பேச்சுவார்த்தை, ஒப்பந்தம் என்று படிகள் தொடரும். தொழில்நுட்பத்தில் தேறியவர்களில் குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர் போகும் என்பது பொதுவிதி; கொள்முதல் வட்டாரத்தில் எல்-1 என்று வழங்கப்படுபவர் அவர்தான்.

இதில் புதியவர்கள் கவனிக்கத் தவறுவது களச் சோதனையின் செலவை. அரசு எந்தச் செலவையும் ஏற்காது, வாங்குவதாக உறுதியும் தராது என்ற நிபந்தனையில்தான் சோதனைக்கு அழைப்பு வரும். டிரோன்கள், மாற்று மின்கலங்கள், தரைக்கட்டுப்பாட்டுப் பெட்டி, இயக்குபவர்கள், பழுதுபார்ப்பவர் ஆகிய அனைத்தையும் கோடையில் ராஜஸ்தான் பாலைக்கும் குளிரில் இமயமலைக்கும் சொந்தச் செலவில் கொண்டுபோக வேண்டும். சோதனையில் ஒரு டிரோன் விழுந்து நொறுங்கினால் அதுவும் சொந்த நட்டமே. ஒரு டெண்டரின் மதிப்பைக் கணக்கிடும்போது, தோற்றாலும் ஆகும் இந்தச் செலவை முதலில் எழுதிக்கொள்வது நல்லது.

இரண்டாவது வழி அவசரக் கொள்முதல். எல்லையில் பதற்றம் ஏற்படும்போது, ஒரு கொள்முதலுக்கு 300 கோடி ரூபாய் வரை, நீண்ட நடைமுறையைச் சுருக்கித் தாமே வாங்கிக்கொள்ளும் அதிகாரம் படைகளுக்கு வழங்கப்படுகிறது. ஓராண்டுக்குள் பொருளை ஒப்படைக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. 2025 மே மாதத்தில் நடந்த ஆபரேஷன் சிந்தூருக்கு அடுத்த மாதமே, பயங்கரவாத எதிர்ப்புப் பணிக்கென அவசர வழியில் 1,981.90 கோடி ரூபாய்க்கு 13 ஒப்பந்தங்கள் இறுதியானதாகப் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. ஆளில்லா வானூர்திகளும் அப்பட்டியலில் இடம்பெற்றன. சிறு டிரோன் சந்தையின் உண்மையான நாடித்துடிப்பு இந்த வழியில்தான் கேட்கிறது. ஆனால் அவசரம் தீர்ந்ததும் ஆர்டரும் நின்றுவிடும்.

அந்த ஏற்ற இறக்கத்தைப் பங்குச் சந்தையில் பட்டியலான ஐடியாஃபோர்ஜின் கணக்குகளே காட்டுகின்றன. 2023 ஜூனில் ஒரு பங்கு 672 ரூபாய் என்ற விலையில் வெளியிட்டு, நூறு மடங்குக்கும் மேல் விண்ணப்பங்கள் குவிந்து, ஜூலை 7 அன்று சுமார் 1,300 ரூபாயில் வணிகம் தொடங்கியது. 2023-24 நிதியாண்டில் வருவாய் சுமார் 314 கோடி, லாபம் சுமார் 45 கோடி ரூபாய். மறு ஆண்டில் வருவாய் சுமார் 161 கோடியாகச் சரிந்து, சுமார் 62 கோடி நட்டம் வந்தது. 2025 தொடக்கத்தில் பங்கின் விலை வெளியீட்டு விலைக்கும் கீழே போயிருந்தது. நிறுவனத்தின் தொழில்நுட்பம் ஒரே ஆண்டில் பாதியாகக் குறைந்துவிடுவதில்லை. அரசின் ஆர்டர்கள் தள்ளிப்போனாலே இத்தகைய எண்கள் வந்துவிடும். ஆகவே முதலீட்டாளர் விற்பனை வளர்ச்சியைவிட, கையில் உள்ள ஆர்டர்களின் மதிப்பு, அவற்றை ஒப்படைக்க வேண்டிய தேதிகள், வசூலாகாமல் நிற்கும் பாக்கி, கிடங்கில் தேங்கிய சரக்கு ஆகிய நான்கையும் காலாண்டுதோறும் பார்த்துவருவதே பயன் தரும். ஒரு காலாண்டு லாபத்தை நான்கால் பெருக்கி ஆண்டு லாபம் என்று சொல்லும் தரகர்களின் கணக்கு இத்துறையில் எடுபடாது.

உதிரி பாகங்களில் இருக்கும் சந்தை

டிரோனின் உடலைச் செய்வது இன்று கடினமான வேலை இல்லை. கார்பன் நாரிழையும் வார்ப்பச்சும் இருந்தால் பல பட்டறைகளில் முடியும். மதிப்பு குவிந்திருப்பது கண்ணிலும் மூளையிலும் இதயத்திலும்தான்: கேமரா, தன்னியக்கப் பறப்புக் கருவி, மோட்டார்.

இரவில் பார்க்கும் வெப்பப்படக் கேமராவை எடுத்துக்கொண்டால் சந்தையின் நெருக்கடி முழுவதும் புரியும். உடல்களும் எஞ்சின்களும் வெளியிடும் வெப்பக் கதிர் சாதாரணக் கண்ணாடியை ஊடுருவாது. ஆகவே லென்ஸ் ஜெர்மேனியம் என்ற தனிமத்தாலோ சால்கோஜெனைடு எனப்படும் தனிவகைக் கண்ணாடியாலோ செய்யப்படுகிறது. ஜெர்மேனிய உற்பத்தியில் முதலிடம் சீனாவுக்கு. 2023 ஆகஸ்டிலிருந்து அதை ஏற்றுமதி செய்ய அந்நாட்டில் உரிமம் தேவை. லென்ஸுக்குப் பின்னால், கதிரை மின்குறிப்பாக மாற்றும் உணரிச்சில்லுகளை உலகில் சில நாடுகளே செய்கின்றன. விநாடிக்கு 9 படங்களுக்கு மேல் எடுக்கும் கேமராக்களை அமெரிக்கா கடுமையான ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது. விரைந்து நகரும் வாகனத்தைத் தொடர்வதற்கு 9 படங்கள் போதா. மோட்டாருக்கும் இதே கதைதான்: வெப்பத்தைத் தாங்கும் வலிய காந்தங்களுக்கு வேண்டிய டிஸ்புரோசியம், டெர்பியம் முதலிய அருமண் தனிமங்களுக்கு 2025 ஏப்ரலில் சீனா உரிமக் கட்டுப்பாடு விதித்தது.

மறுபுறம், இந்திய ராணுவமே சீனப் பாகங்களை மறுக்கிறது. 2022 பிப்ரவரியில் முழு டிரோன்களின் இறக்குமதியை அரசு தடைசெய்தபோது, பாதுகாப்புத் தேவைக்கும் ஆராய்ச்சிக்கும் விலக்கு அளித்தது; உதிரி பாகங்களின் இறக்குமதிக்குத் தடை விதிக்கவில்லை. அந்த இடைவெளியில் சீனப் பாகங்களைப் பூட்டி இந்தியத் தயாரிப்பு என்று விற்பது பெருகியது. எதிரி ஊடுருவிக் கட்டுப்பாட்டைக் கைப்பற்றலாம் என்ற அச்சத்தால், 2025 பிப்ரவரியில் சுமார் 230 கோடி ரூபாய் மதிப்பில் 400 சரக்கு டிரோன்களுக்கான ஒப்பந்தங்களைத் தரைப்படை ரத்து செய்தது. அவை கண்காணிப்பு வகை இல்லை என்றாலும் பாடம் பொதுவானது: ஒவ்வொரு சில்லும் திருகும் எங்கிருந்து வந்தது என்று காட்டும் பாகப்பட்டியல், இனி விலைப்புள்ளிக்கு நிகரான ஆவணம்.

இந்த இரு பக்க நெருக்கடியே தமிழகச் சிறுதொழிலுக்கு வாய்ப்பாகிறது. கோவையின் மோட்டார்த் தொழிலும், ஓசூரின் துல்லிய எந்திரவேலையும், சென்னையின் மின்னணுத் தொழிலும் முழு டிரோனில் போட்டியிடுவதைவிட, மோட்டார், வேகக் கட்டுப்பாட்டுப் பலகை, கேமராவை அசையாமல் தாங்கும் கிம்பல், மின்கல மேலாண்மைப் பலகை ஆகியவற்றில் நிலைத்த இடம் பிடிக்க முடியும். ஆர்டர் எந்த நிறுவனத்துக்குப் போனாலும் பாகம் விற்கும் என்பது கூடுதல் காப்பு. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனையங்களுள் இம்மூன்று ஊர்களும் அடங்கும். மற்றவை சேலமும் திருச்சியும். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் சுமார் 45 கோடி ரூபாய்ச் செலவில் டிரோன் சோதனை மையம் அமைக்கும் திட்டம், மத்திய அரசின் சோதனைக் கட்டமைப்பு மானியத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது.

மூலதனத்துக்கு, 2018 ஏப்ரலில் சென்னையை அடுத்த திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புத் தளவாடக் கண்காட்சியில் தொடங்கிவைத்த ஐடெக்ஸ் திட்டத்தை நாடலாம். படைகள் முன்வைக்கும் சிக்கல்களுக்குத் தீர்வு காணும் சிறு நிறுவனங்களுக்கு 1.5 கோடி ரூபாய் வரையும், அதன் விரிவாக்கத்தில் 10 கோடி வரையும் மானியம் உண்டு. நிறுவனமும் தன் பங்கைப் போட வேண்டும். மானியம் கிடைத்துவிட்டதையே ஆர்டர் கிடைத்ததாகக் கொண்டாடும் வழக்கம் பரவியிருக்கிறது. மானியம் என்பது முன்மாதிரி செய்வதற்கான பணம் மட்டுமே.

இன்னொரு பொறியும் இங்குண்டு. 2021 டிரோன் விதிகள் முப்படைகளின் வானூர்திகளுக்குப் பொருந்தா. உழவுக்கு மருந்து தெளிக்கும் டிரோனுக்குப் பெற்ற வகைச்சான்றிதழைக் காட்டி ராணுவ டெண்டரில் நுழைய முடியும் என்று எண்ணி ஏமாந்துபோக வேண்டாம்.

வரும் ஆண்டுகளின் திசை

தேவை கூடும் என்பதில் ஐயமில்லை. காலாட்படையின் ஒவ்வொரு பட்டாலியனிலும் டிரோன் பிரிவு அமையும் என்று 2025-இல் தரைப்படை அறிவித்ததால், உயர் தலைமையகத்தின் கருவியாக இருந்த டிரோன், துப்பாக்கியைப் போலப் படையின் அன்றாடச் சாமானாக மாறுகிறது. அன்றாடச் சாமானுக்கு விலையும் அன்றாட விலையாகவே கேட்கப்படும். உக்ரைன் ஒரு மாதத்தில் ஏறத்தாழ 10,000 டிரோன்களை இழப்பதாக லண்டனின் ராயல் யுனைடெட் சர்வீசஸ் நிறுவனம் 2023 மே மாதத்தில் கணித்தது. அந்தப் போரைப் பார்க்கும் எந்தத் தளபதியும் விலையுயர்ந்த சில டிரோன்களைவிட, இழந்தாலும் தாங்கக்கூடிய பல டிரோன்களையே விரும்புவார். எண்ணிக்கை உயர்ந்து, ஒன்றின் விலை இறங்கி, லாப விளிம்பு ஒடுங்கும் சந்தையை எதிர்பார்ப்பதே அறிவுடைமை. செயற்கைக்கோள் வழிகாட்டலை எதிரி முடக்கினாலும் கேமராவால் தரையை அடையாளம் கண்டு திரும்பிவரும் திறன், அலைவரிசை மாறிமாறிப் பேசும் வானொலி ஆகிய இரண்டும் இல்லாத டிரோனுக்குக் களத்தில் இடமிருக்காது. பார்த்த இலக்கைத் தானே தாக்கி அழியும் டிரோன்களின் பக்கம் படைகளின் பணம் நகர்வதையும் சேர்த்தே கணிக்க வேண்டும்.

ஏற்றுமதியை உடனடி வருவாயாக எவரும் எழுதிக்கொள்ள வேண்டாம். 2023 ஜூனில் டிரோன் ஏற்றுமதி விதிகள் தளர்ந்தது 25 கிலோமீட்டருக்குள் பறக்கும் பொதுப் பயன்பாட்டு டிரோன்களுக்கு மட்டும்; ராணுவத்துக்கான கருவிக்குத் தனி உரிமம் வேண்டும், துருக்கி, இஸ்ரேல், சீனா ஆகியவற்றின் போட்டியும் கடுமை.

எனவே, ஆர்டர் வராத 18 மாதங்களைக் கடன் வாங்காமல் தாங்க முடியாத நிறுவனம் முழு டிரோனுக்கான டெண்டரில் இறங்கக் கூடாது. பாகம் செய்யும் நிறுவனங்கள், ஒரே டிரோன் நிறுவனத்தை மட்டும் நம்பாமல் குறைந்தது மூவருக்கு விற்கும் வழியைத் தேடிக்கொண்ட பிறகே எந்திரங்களில் முதலீடு செய்ய வேண்டும்.